இகுவானா கேட்டு வரும் விண்ணப்பங்கள்

அயல்நாட்டுச் செல்லப்பிராணி ஒன்று மீட்பு மையத்துக்கு வந்து சேர்கிறது என்றால், பெரும்பாலும் அதை யாரோ ஒருவர் யோசிக்காமல் வாங்கி, சில மாதமோ சில ஆண்டோ வைத்திருந்து, பிறகு முடியாமல் கைவிட்டிருக்கிறார். அதே விலங்கைத் தத்தெடுக்க விண்ணப்பம் போடுகிறவர்களில் பலரும் அந்த முதல் ஆள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். ஆசை இருக்கிறது, ஓரளவு பணமும் இருக்கிறது. அந்த விலங்கு எத்தனை ஆண்டு வாழும், எவ்வளவு பெரிதாகும், என்ன தின்னும், எந்த வெப்பத்தில் இருக்க வேண்டும், நோய் வந்தால் எந்த மருத்துவரிடம் காட்டுவது, வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் விடுமா என்று கேட்டால் பதில் வருவதில்லை. பொறுப்பான மையங்கள் இந்த இடத்தில்தான் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகின்றன. சும்மா கொடுக்கிற ஓர் ஓணானுக்கு இத்தனை கேள்வியா என்று கோபித்துக்கொள்கிறவர்களும் உண்டு. இகுவானாவை ஓணான் என்று நினைப்பதில் தொடங்குகிறது சிக்கல்.

தமிழ்நாட்டில் இன்று அயல்நாட்டுச் செல்லப்பிராணி என்ற பெயரில் புழங்கும் விலங்குகள் பலவகை. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் பச்சை இகுவானா, மேற்கு ஆப்பிரிக்காவின் பால் பைத்தான் மலைப்பாம்பு, சஹாராவின் தென் விளிம்பைச் சேர்ந்த சல்கேட்டா ஆமை, அமெரிக்காவின் மிசிசிப்பி நீர்ப்பரப்பிலிருந்து உலகெங்கும் பரவிய செங்காது ஆமை, ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பஞ்சவர்ணக்கிளி என்று அழைக்கப்படும் மக்காவ், இரவில் விழித்து மரத்துக்கு மரம் தாவும் சுகர் கிளைடர் ஆகியவை முக்கியமானவை. சில உள்நாட்டிலேயே பெருக்கப்பட்டவை. சில கடத்தி வரப்படுபவை. சென்னை விமான நிலையத்தில் 2023 ஜனவரியில், பாங்காக்கிலிருந்து வந்து யாரும் எடுக்காமல் கிடந்த பைகளில் 45 பால் பைத்தான்கள், 3 மார்மோசெட் குரங்குகள், 3 நட்சத்திர ஆமைகள், 8 சோளப் பாம்புகள் இருந்தன. அவை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. இப்படிப் பிடிபடும் விலங்குகள் தத்துக்கு வருவதில்லை. ஆனாலும் செய்தியைப் படித்துவிட்டு ‘அதில் ஒன்று கிடைக்குமா’ என்று கேட்பது ஒரு வகை விண்ணப்பம்.

இந்த ஆசை எப்படிப் பரவுகிறது என்பதற்குத் தருமபுரி மாவட்டம் ஓர் எடுத்துக்காட்டு. அது சேலத்துக்கும் பெங்களூருவுக்கும் இடையில், தேசிய நெடுஞ்சாலை 44-இன் மேல் இருக்கிறது. ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் பெங்களூரு. வேலைக்கும் படிப்புக்கும் அங்கே போய்வருகிற பிள்ளைகள் நிறைய. அந்த நகரத்தின் அடுக்குமாடி வீடுகளில் பார்த்த விலங்கு, பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ அரூரிலோ உள்ள வீட்டுக்கும் வேண்டும் என்று தோன்றுவதில் வியப்பில்லை. கடைக்குப் போனால் பல ஆயிரம் ரூபாய், மீட்பு மையத்தில் சும்மா கிடைக்கும் என்ற கணக்கும் சேர்ந்துகொள்கிறது. விலங்கின் விலை மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு என்பது இந்தக் கணக்கில் வருவதில்லை. கூண்டு, விளக்கு, வெப்பக் கருவி, உணவு, மருத்துவம் என ஆண்டுக்கணக்கில் நீள்வதுதான் செலவு.

தயாரில்லாத விண்ணப்பதாரரிடம் முதலில் தெரிவது சட்டம் பற்றிய குழப்பம். அதுவும் தலைகீழான குழப்பம். பச்சைக்கிளி நம் ஊர்ப் பறவை, தாத்தா காலத்திலிருந்து வளர்க்கிறோம், அதற்கென்ன தடை என்பார்கள். வெளிநாட்டுப் பறவைக்குத்தான் அனுமதி வேண்டியிருக்கும் என்று நினைப்பார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நிலைமை வேறு. நம் காட்டு விலங்குகளையும் பறவைகளையும் வீட்டில் வைத்திருப்பது குற்றம். 1991-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்தியப் பறவைகளின் வணிகமும் நின்றுபோனது. 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நட்சத்திர ஆமை முதல் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது. முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் கடலூரில் ஒரு வேட்பாளருக்குச் சீட்டெடுத்துக் கொடுத்த கிளி ஜோசியர் மீது வனத்துறை நடவடிக்கை எடுத்தபோதுதான், இப்படி ஒரு சட்டம் இருப்பதே பலருக்குத் தெரிந்தது.

நட்சத்திர ஆமையின் கதை விசித்திரமானது. ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்று பழமொழி சொல்லும் ஊரில், அதே ஆமை வீட்டில் இருந்தால் செல்வம் வரும் என்ற நம்பிக்கையும் வணிகத்துக்குத் துணை நிற்கிறது. வறண்ட புதர்க்காடுகளிலிருந்து பிடிக்கப்பட்டு நாடு கடந்து போகும் இந்த ஆமைக்கு, 2019-இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு மிக உயர்ந்த பாதுகாப்பைத் தந்தது. சைட்டிஸ் என்பது அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை; 1975-இல் நடப்புக்கு வந்தது, இந்தியா 1976-இல் சேர்ந்தது. மீட்கப்பட்ட நட்சத்திர ஆமையையோ பச்சைக்கிளியையோ எந்த மையமும் தனியாருக்குத் தத்துக் கொடுக்க முடியாது. கேட்கிறவர் எவ்வளவு நல்லவர் என்பது இங்கே பொருட்டில்லை.

வெளிநாட்டு விலங்குகளுக்கு வேறு வழி இருக்கிறது. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், சைட்டிஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்க ஆறு மாத அவகாசம் கொடுத்தது. 2022 திருத்தம் அதைச் சட்டக் கடமையாக்கியது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, அத்தகைய விலங்கை வைத்திருப்பவர் அந்த அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டாலும், இறந்தாலும், வேறொருவர் கைக்கு மாறினாலும் அறிவிக்க வேண்டும். ஆகவே சாம்பல் கிளியோ இகுவானாவோ தத்துக்கு வரும்போது, கூண்டோடு காகிதமும் கைமாற வேண்டும். லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளில் விற்கும் ஆஸ்திரேலியக் குட்டிக்கிளியும் காக்டெயிலும் சைட்டிஸ் பட்டியலில் இல்லாததால் இந்தப் பதிவுக்கு உட்படுவதில்லை. சுருக்கமாக, ஆஸ்திரேலியக் கிளியைக் கூண்டில் வைக்கலாம், கொல்லைப்புறப் புளியமரத்துக் கிளியை வைக்கக் கூடாது. முதன்முறை கேட்கிறவருக்கு இது வேடிக்கையாகப் படும். ஆனால் கூண்டிலேயே தலைமுறைகளாகப் பிறந்த பறவையையும் பொந்திலிருந்து திருடிவந்த குஞ்சையும் சட்டம் பிரித்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது ஆயுள். விண்ணப்பத்தில் ‘இந்த விலங்கு எத்தனை ஆண்டு வாழும்’ என்று ஒரு கேள்வி இருந்தால், அது ஒன்றே பாதிப் பேரைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிடும். பால் பைத்தான் 20 முதல் 30 ஆண்டு வாழக்கூடியது. பத்தாம் வகுப்புப் பையன் ஆசைப்பட்டுக் கேட்டால், அவன் கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்ற பிறகும் அந்தப் பாம்பு இருக்கும். சாம்பல் கிளி 40 ஆண்டுக்கு மேல் வாழும். நடுவயதில் தத்தெடுக்கிறவர், தனக்குப் பின் அதை யார் பார்த்துக்கொள்வார் என்றும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். சல்கேட்டா ஆமை கைக்குள் அடங்கும் குட்டியாக விற்கப்படுகிறது. உலகின் நில ஆமைகளில் மூன்றாவது பெரிய இனம் அது. 50 கிலோவைத் தாண்டும், மண்ணைக் குடைந்து ஆழமாக வளை தோண்டும். தருமபுரியின் வறண்ட வெயிலும் புல்லும் அதற்கு ஒத்துவரும் என்பது உண்மைதான். ஆனால் அது வளை தோண்டத் தொடங்கினால் மண்சுவர் வைத்த வீட்டின் அடித்தளம் என்னவாகும் என்பதையும் யோசிக்க வேண்டும். செங்காது ஆமை ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய குட்டியாக மீன்தொட்டிக் கடையில் கிடைக்கிறது. வளர்ந்தால் ஓடு ஒரு அடி நீளம் வரை போகும். அப்போது அதற்கு வேண்டியது வடிகட்டி பொருத்திய பெரிய தொட்டியும், ஏறி வெயில் காயத் திட்டும். வரவேற்பறையின் கண்ணாடிக் குடுவை அதற்குப் போதாது.

ஊர்வனவற்றைப் பொறுத்தவரை வெப்பமும் ஒளியும்தான் பராமரிப்பின் மையம். விண்ணப்பங்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். ‘எங்கள் ஊர் நல்ல சூடு, அதனால் இகுவானாவுக்குச் சரிப்படும்’ என்று தருமபுரிக்காரர் எழுதினால் அதில் பாதி சரி. இகுவானா வெயில் காயும் இடத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சித்திரையில் இந்த ஊரில் அதற்குக் குறைவில்லை. ஆனால் அதே கூண்டில் விலகிப் போய் ஒதுங்கக் குளிர்ந்த நிழலும் வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே பிற்பகலில் நிழலும் கொதிக்கும். மார்கழி இரவுகளில் இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது; அப்போது விலங்கின் செரிமானமே நின்றுபோகும். தின்ற கீரை வயிற்றில் அப்படியே கிடக்கும். காற்றின் ஈரப்பதம் இன்னொரு தொல்லை. இகுவானா மழைக்காட்டு விலங்கு. தருமபுரியின் கோடைக் காற்று உலர்ந்தது. கூண்டுக்குள் தண்ணீர் தெளித்து ஈரம் காக்காவிட்டால் தோல் உரிவதில் சிக்கல் வரும், சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

ஒளி இன்னும் நுட்பமானது. இகுவானாவும் பகலில் நடமாடும் ஆமைகளும் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எலும்பில் சேர்க்க ‘பி’ வகைப் புற ஊதாக் கதிர் தேவை. ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. ஆகவே ஜன்னலோரம் வெயில் படுகிறதே என்ற சமாதானம் செல்லாது. அதற்கென்று விற்கும் யூவிபி விளக்கும் ஆறு மாதம், ஓராண்டுக்குள் கதிர்வீச்சை இழந்துவிடும். பார்வைக்கு மட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். விளக்கு எரிகிறது என்று நம்பி மாற்றாமல் விட்டவர்களின் வீடுகளிலிருந்துதான் தாடை மென்மையாகி, கால் வளைந்து, நிமிர்ந்து நிற்க முடியாத இகுவானாக்கள் வருகின்றன. இது பசியாலோ அடித்துத் துன்புறுத்தியதாலோ வந்த நிலை இல்லை. அன்பாக வளர்த்த வீட்டிலும் வரும். மின்வெட்டு நேரத்தில் வெப்பம் குறையாமல் இருக்க என்ன ஏற்பாடு என்று மையம் கேட்பதும் இதனால்தான். இன்வெர்ட்டர் இருக்கிறது என்று ஒரே வரியில் பதில் சொன்னவர், அந்த இன்வெர்ட்டர் வெப்ப விளக்கை எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி.

உணவில் நம் ஊர் கொடுத்துவைத்த ஊர் என்றே சொல்லலாம். இகுவானா முழுக்கத் தாவர உண்ணி. முருங்கைக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி என்று வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் காசு கொடுத்துத் தேடுவது இங்கே வேலியோரம் கிடைக்கிறது. ஆனால் வருகிற விண்ணப்பங்களில் நாய்த் தீனி, வேகவைத்த முட்டை, சோறு என்று எழுதியிருப்பதுண்டு. புரதம் மிகுந்த இந்த உணவு இகுவானாவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிளி விஷயத்தில் தவறு வேறு வகை. சூரியகாந்தி விதை ஒன்றையே தட்டில் கொட்டி வைப்பார்கள். கொழுப்பு ஏறும், சுண்ணாம்புச் சத்தும் ஏ வைட்டமினும் குறையும். சாம்பல் கிளிக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் வலிப்பே வரும். மலைப்பாம்புக்கு வேண்டியது முழு எலி. சைவக் குடும்பத்துப் பிள்ளை பாம்பு கேட்டு விண்ணப்பிக்கும்போது, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் எலி வைக்க அம்மா சம்மதிப்பாரா என்று மையம் கேட்டால், பல விண்ணப்பங்கள் அந்த இடத்திலேயே முடிந்துபோகும். போதாக்குறைக்கு பால் பைத்தான் மாதக்கணக்கில் உண்ணாமல் இருக்கும் பழக்கமுள்ளது. அது இயல்பா நோயா என்று பிரித்தறியத் தெரிந்தவர் கையில்தான் அது பிழைக்கும்.

நோய் வந்தால் யாரிடம் காட்டுவது? மாடு, ஆடு, நாய், கோழிக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவமனைகள் மாவட்டமெங்கும் உள்ளன. ஊர்வனவற்றையும் அயல்நாட்டுப் பறவைகளையும் பார்த்துப் பழகியவர்கள் குறைவு. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. தருமபுரியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். இல்லாவிட்டால் பெங்களூரு, அல்லது சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி. கிளி நோயை மறைக்கும் பறவை. இரை விலங்குகளுக்கு அது பிறவிக் குணம். கூண்டின் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று தெரியும் நேரத்தில் பெரும்பாலும் நாட்கள் கடந்துவிட்டிருக்கும். அப்போது பஸ்ஸில் வைத்து மூன்று மணி நேரம் கொண்டுபோவது எளிதில்லை. ‘எந்த மருத்துவர், எவ்வளவு தொலைவு, இரவில் யார்’ என்ற வரிகளை நிரப்பாமல் வரும் விண்ணப்பத்தை மையங்கள் முழுமையற்றதாகவே கருதுகின்றன.

மனிதர்களுக்கு வரும் நோயும் கணக்கில் உண்டு. ஊர்வன பார்வைக்கு நலமாக இருந்தாலும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கலாம். ஆமைக்குட்டியை வாயில் வைக்கும் குழந்தைகளால் பரவிய தொற்றுகளுக்குப் பிறகு, 1975-இல் அமெரிக்கா நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளின் விற்பனைக்குத் தடை போட்டது. கிளிகளின் உலர்ந்த எச்சத்தூளிலிருந்து கிளிக்காய்ச்சல் எனும் நுரையீரல் தொற்று வரலாம். கைக்குழந்தையோ, நோயெதிர்ப்பு குறைந்த முதியவரோ வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்பதற்கு இதுவே காரணம். சொந்த விஷயத்தைத் துருவும் நோக்கம் அதில் இல்லை.

இன்னொரு கேள்வி விண்ணப்பதாரரின் வாழ்க்கையைப் பற்றியது. தருமபுரியிலிருந்து பெங்களூருவுக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போவது தலைமுறை வழக்கம். போனால் விலங்கை வீட்டில் யார் கவனிப்பார்? வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் கொடுத்தாரா? இரவு முழுக்கத் தாவிக் குரைப்பதுபோல் ஒலியெழுப்பும் சுகர் கிளைடரை ஒற்றையறை வீட்டில் வைக்க முடியுமா? அது கூட்டமாக வாழும் விலங்கு. தனியாக வைத்தால் தன் உடம்பையே கடித்துக்கொள்ளும். மக்காவின் சத்தம் தெருமுனை வரை கேட்கும். ‘குழந்தை கேட்டு அழுகிறது’ என்று எழுதும் பெற்றோருக்கு மையங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், விலங்கின் பொறுப்பு பெரியவர் ஒருவர் பெயரில் இருக்க வேண்டும் என்பது. பிறந்தநாள் பரிசாக வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று அவசரம் காட்டும் விண்ணப்பம் பெரும்பாலும் அந்த அவசரத்தாலேயே தள்ளப்படும்.

நல்ல மையத்தின் நடைமுறை இந்தக் கேள்விகளை ஒட்டியே அமைகிறது. விலங்கை எடுத்துப்போகும் முன் கூண்டு தயாராக வேண்டும். வெப்பமானியும் ஈரப்பதமானியும் காட்டும் அளவைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். சில நாள் அந்த அளவு சீராக நிற்பதைக் காட்ட வேண்டும். நேரிலோ காணொளியிலோ வீட்டைப் பார்ப்பார்கள். முடியாமல் போனால் விற்கவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ கூடாது, மையத்துக்கே திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதுவார்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் இதில் ஒரு படி மேலே போனது. செல்லமாக வாங்கிக் காட்டில் விடப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தையே நிறைத்துவிட்டன. 2006 முதல் அம்மாநில வனவிலங்கு ஆணையம், வளர்க்க முடியாதவர்கள் அயல்நாட்டு விலங்கைத் தண்டனையின்றி ஒப்படைக்கும் திட்டத்தை நடத்துகிறது. அவற்றைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து, அந்த இனத்தைப் பற்றிய அனுபவமும் கூண்டும் இருப்பதைக் காட்டித் தகுதி பெற வேண்டும். விலங்கு வருவதற்கு முன்பே தத்தெடுப்பவர் தயாராக இருக்கிறார். இந்திய மையங்களுக்கு இப்படி ஒரு பட்டியல் வைத்துக்கொள்வது பெரிய செலவில்லாத காரியம். செய்தால் விண்ணப்பதாரர்களின் ஏமாற்றமும் பாதியாகக் குறையும்.

கேள்வி கேட்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளம் பக்கத்துச் சான்று. 2018-இல் திருச்சூரை அடுத்த காளத்தோட்டில் ஒரு கால்வாயில் செங்காது ஆமை கிடைத்தது. யாரோ தொட்டியில் வளர்த்துச் சலித்துப்போய் அங்கே விட்டிருக்க வேண்டும். பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், இந்த ஆமையை நீர்நிலையில் விடாமல் தங்களிடம் கொடுக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கும் இந்த ஆமை, உணவுக்கும் வெயில் காயும் திட்டுக்கும் உள்ளூர் ஆமைகளோடு போட்டி போடும், நோயும் பரப்பும். தருமபுரிக்கு இது தொலைதூரக் கவலை இல்லை. ஒகேனக்கல் வழியாக ஓடும் காவிரியில் அழியும் நிலையிலுள்ள லீத் மென்னோட்டு ஆமை வாழ்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, அந்த ஆமையும் நீர்நாயும் முதலையும் அதற்கான காரணங்களில் இருந்தன. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் குட்டைகளில் வளர்த்து அதிகாரிகள் அழிக்க நேர்ந்த அனுபவம் இந்தப் பகுதிக்கு ஏற்கெனவே உண்டு. ஏரியில் விடுவது விடுதலை என்று நினைத்து விடப்படும் ஓர் ஆமையும் அதே வகைச் சிக்கல்.

மறுக்கப்பட்டவர்களுக்கு வழி அடைபட்டுவிடுவதில்லை. ஆஸ்திரேலியக் குட்டிக்கிளி, காக்டெயில், கினிப்பன்றி, முயல் ஆகியவையும் மீட்பு மையங்களில் வீடு தேடிக் காத்திருக்கின்றன. அவற்றுக்கும் பாடம் உண்டு. கினிப்பன்றியின் உடம்பு சி வைட்டமினைத் தானாகச் செய்துகொள்ளாது. நாள்தோறும் கொய்யாவோ குடைமிளகாயோ வேண்டும், துணைக்கு இன்னொன்றும் வேண்டும். முயல் 30 டிகிரிக்கு மேல் திணறும். தருமபுரிக் கோடையில் மொட்டைமாடிக் கூண்டு அதற்குச் சாவு. ஆனால் ஆயுள், இடம், மருத்துவம் மூன்றிலும் ஒரு சாதாரணக் குடும்பத்தால் சமாளிக்கக்கூடிய அளவு. இன்னும் தயங்குகிறவர்கள் சில மாதம் மையத்தில் தன்னார்வலராக வேலை செய்து பார்க்கலாம். கூண்டு கழுவும் வேலை ஆசையைச் சோதிப்பதுபோல் வேறெதுவும் சோதிப்பதில்லை. விலங்கைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் தத்தெடுப்புத் திட்டம் இருக்கிறது. அதில் விலங்கு பூங்காவிலேயே இருக்கும். தத்தெடுத்தவர் அதன் உணவுக்கும் பராமரிப்புக்கும் பணம் கட்டுவார்.

ஏற்கெனவே பச்சைக்கிளியோ நட்சத்திர ஆமையோ வீட்டில் வைத்திருப்பவர்கள் அதைத் தாமே பறக்கவிடவோ புதரில் விடவோ கூடாது. கூண்டில் வளர்ந்தது இரை தேடத் தெரியாமல் சாகும், நோயையும் காட்டுக்குள் கொண்டுபோகும். அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்திலோ தருமபுரி மாவட்ட வன அலுவலகத்திலோ ஒப்படைப்பதே முறை. பதிவில்லாத அயல்நாட்டு விலங்கை வைத்திருப்பவர்கள் செல்ல வேண்டிய இடமும் அதே அலுவலகம்தான். எங்கிருந்து, எப்போது, யாரிடம் வாங்கியது என்ற விவரமும், இருந்தால் ரசீதும், விலங்கின் படமும் கையோடு கொண்டு போக வேண்டும்.